நித்தியகல்யாணியும் சுடுகாட்டு மல்லியும்: ஒரு செடியின் பெயர்களைப் பிரித்துப் படிப்போம்

பூக்கூடையில் இருந்தால் நித்தியகல்யாணி. ஊருக்கு வெளியே தானாக முளைத்துக் கிடந்தால் சுடுகாட்டு மல்லி. இலங்கையில் பட்டிப்பூ. நர்சரிக்காரர் தொட்டியில் செருகிய அட்டையில் 'வின்கா'. நான்கும் ஒரே செடியைத்தான் குறிக்கின்றன. அழகுக்காக வளர்க்கும் செடிகளில் இத்தனை முரணான பெயர்களைச் சுமப்பவை குறைவு. செடிப் பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே நம்மை ஏமாற்றுகின்றன என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தோதான செடி கிடைக்காது.

முதலில் செடி இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முழங்கால் உயரம், நன்றாக வளர்ந்தால் இடுப்பளவு வரை நிமிர்ந்து வளரும். இலைகள் எதிரெதிராக இருக்கும். பளபளப்பான கரும்பச்சை, நடு நரம்பு மட்டும் வெளிறித் தெரியும். பூவுக்கு ஐந்து இதழ்கள். இளஞ்சிவப்பு, வெள்ளை, வெள்ளையில் சிவப்புக் கண் என்று நிறம் மாறும். இதழ்களுக்கு நடுவில் குண்டூசி நுழையுமளவுக்கு ஒரு துளை, அதற்குக் கீழே மெல்லிய நீண்ட குழல். பூ உதிர்ந்த இடத்தில் இரண்டிரண்டாக ஒல்லிக் காய்கள் நிற்கும். காய் வெடித்தால் கடுகைவிடச் சிறிய கறுப்பு விதைகள். இவை எல்லாம் பொருந்தினால் அறிவியல் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். சொந்த ஊர் மடகாஸ்கர்.

சொந்த ஊர் முக்கியம். ஐரோப்பியக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் ஓடத் தொடங்கிய பிறகு உலகம் சுற்றிய செடி இது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களுக்குள் இதைத் தேடிப் பயனில்லை. நம்மிடம் உள்ள பெயர்கள் எல்லாம் வந்தேறிக்கு ஊரார் வைத்தவை. புதிதாக வந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கும்போது மக்கள் பொதுவாக நான்கு விஷயங்களில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்: எப்போது பூக்கிறது, எங்கே முளைக்கிறது, தெரிந்த எந்தச் செடியைப் போல இருக்கிறது, யார் எங்கிருந்து கொண்டுவந்தார்கள். நித்தியகல்யாணியின் பெயர்களில் நான்குக்கும் சான்று உண்டு.

எப்போது பூக்கிறது

'நித்திய' என்றால் எப்போதும், நாள்தோறும். இதில் சிக்கல் இல்லை. 'கல்யாணி'யில்தான் பலர் வழுக்குகிறார்கள். கல்யாணம் என்றாலே நமக்குத் தாலி கட்டுவது நினைவுக்கு வருவதால், தினமும் கல்யாணக் கோலத்தில் நிற்கும் செடி என்று விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். வடமொழியில் 'கல்யாண' என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் மங்கலமான, அழகான என்பது. மங்கல நிகழ்ச்சி என்ற வழியில் அது தமிழில் திருமணத்துக்கு ஆகிவந்தது. இரண்டு பொருளும் இன்றும் கோயில் பெயர்களில் பக்கம் பக்கமாக வாழ்கின்றன. தென்காசி மாவட்டம் கடையத்தில் இருக்கும் அம்மன் நித்தியகல்யாணி. என்றும் மங்கலமானவள் என்று பொருள். சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையில் இருக்கும் பெருமாள் நித்தியகல்யாணப் பெருமாள். அங்கே தலபுராணமே நாளுக்கு ஒரு திருமணம் என்பதுதான். பூவின் பெயர் கடையத்து அம்மன் பக்கம் நிற்கிறது. என்றும் மங்கலமாக, என்றும் அழகாக இருப்பவள்.

ஒரு பெயரின் பொருளை ஊகித்த பிறகு அதைச் சோதிக்க எளிய வழி, பக்கத்து மொழிகளில் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. இந்தியில் சதாபஹார், அதாவது எப்போதும் வசந்தம். மராத்தியில் சதாஃபுலி, எப்போதும் பூப்பவள். கன்னடத்தில் நித்யபுஷ்பம் என்ற பெயர் உண்டு. ஜப்பானியரின் 'நிச்சிநிச்சிசோ'வைப் பிரித்தால் நாள்-நாள்-செடி. சீன மொழியில் நீண்ட வசந்தப் பூ. தைவானில் தினந்தினம் வசந்தம். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் ஒரே குணத்தைப் பிடித்திருக்கின்றன என்றால் அந்தக் குணம் செடியில் உண்மையாகவே கண்ணைப் பறிப்பதாக இருக்க வேண்டும்.

இருக்கிறது. கொம்பு நுனி வளர்ச்சியை நிறுத்துவதே இல்லை. புதிதாக ஒரு சோடி இலை விரியும் ஒவ்வொரு கணுவிலும் ஒன்றிரண்டு பூக்கள் வைக்கும். பருவம் வந்தால்தான் மொட்டு என்ற கணக்கு அதற்குக் கிடையாது. வெயிலும் சூடும் இருந்தால் போதும். வாடிய பூவும் கொம்பில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் தானே கழன்று விழுந்துவிடும். அதனால் எந்த நாள் பார்த்தாலும் புதுப்பூக்கள் மட்டுமே கண்ணில் படும்.

இதே செடிக்கு மேற்கிந்தியத் தீவுகளின் ஆங்கிலம் வேறு மாதிரிப் பெயர் வைத்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே இது 'ஓல்டு மெய்டு', முதிர்கன்னி. நாம் கல்யாணி என்றோம், அவர்கள் கல்யாணமே ஆகாதவள் என்றார்கள்.

எங்கே முளைக்கிறது

சுடுகாட்டு மல்லி என்ற பெயருக்குள் எந்தச் சாபமும் இல்லை. அது ஒரு முகவரி. யாரும் தண்ணீர் ஊற்றாத, உரம் போடாத, மணலும் சரளையுமான இடத்தில் இந்தச் செடி தாக்குப்பிடிக்கும். இலையிலும் தண்டிலும் உள்ள ஆல்கலாய்டுகள் என்னும் நச்சு வேதிப்பொருள்கள் கடும் கசப்பு என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. வெடித்த காயிலிருந்து விதை அங்கேயே சிந்தி, அடுத்த மழையில் அங்கேயே முளைக்கும். புதைமேட்டில் ஒரு செடி நட்டால் சில ஆண்டுகளில் அந்த வரிசை முழுக்க அதுதான். மயானத்தில் மற்ற செடிகள் காய்ந்தும் மேய்ந்தும் போக, மிச்சம் நிற்பது இது. பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள்.

கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போய் 'சவம்நாறி' என்றே சொல்வதுண்டு. உண்மையில் பூவில் பிண வாடை எதுவும் கிடையாது. சொல்லப்போனால் வாசனையே இல்லை. இடத்தின் வாடையைப் பூவின் மேல் ஏற்றிவிட்டார்கள். சிங்களத்தில் 'மினீ மல்'. மினீ என்றால் பிணம், மல் என்றால் பூ.

'மல்லி' என்ற பாதியும் கவனிக்கத் தக்கது. இது மல்லிகைக் குடும்பமே அல்ல. அரளி, நந்தியாவட்டை எல்லாம் சேர்ந்த அப்போசைனேசி குடும்பம். வெள்ளையாகச் சிறியதாகப் பூத்தால் மல்லி என்று ஒட்டிவிடுவது நம் வழக்கம். பெயரின் பின்பாதியை நம்பிக் குடும்பத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. (கொத்தமல்லியும்தான் மல்லி.)

எதைப்போல இருக்கிறது, யார் கொண்டுவந்தார்கள்

ஆனால் ஒப்புமைப் பெயர்கள் எல்லாமே குருட்டாம்போக்கு அல்ல. தெலுங்கில் இதன் பெயர் பில்லகன்னேரு. கன்னேரு என்றால் அரளி. பில்ல என்றால் வட்ட வில்லை. கன்னடத்தில் காசி கணகிலே, கணகிலேவும் அரளிதான். எதிரெதிர் இலை, முறுக்கினாற்போல் விரியும் ஐந்து இதழ், ஒல்லியான இரட்டைக் காய், உள்ளே நஞ்சு. இவற்றைப் பார்த்து இது அரளியின் உறவு என்று தெலுங்கரும் கன்னடரும் சரியாகவே சொல்லிவிட்டார்கள். தாவரவியல் நூலும் அதையேதான் சொல்கிறது.

ஊர்ப் பெயர் ஒட்டிய பெயர்களில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மலாயில் 'கெமுந்திங் சீனா'. பழைய ஆங்கில வழக்கில் கேயென் மல்லிகை, கேப் பெரிவிங்கிள் என்றெல்லாம் உண்டு. கேயென் தென்னமெரிக்காவில், கேப் தென்னாப்பிரிக்காவில், சீனா ஆசியாவில். செடி பிறந்தது எதிலும் இல்லை. பெயரில் வரும் ஊர் பெரும்பாலும் கடைசியாக எங்கிருந்து வந்தது, அல்லது வந்ததாக நம்பப்பட்டது என்பதைத்தான் சொல்லும். கன்னடத்தின் காசியும் அப்படித்தான். அது கங்கைக்கரைச் செடி அல்ல. மடகாஸ்கர் பெரிவிங்கிள் என்பது மட்டும் விதிவிலக்காக உண்மையாகிவிட்டது.

வின்கா: கடன் வாங்கிய பெயர்

நர்சரி அட்டைப் பெயருக்கு வருவோம். ஐரோப்பாவில் வின்கா என்று வேறொரு செடி உண்டு. தரையோடு படர்ந்து ஓடும் கொடி, ஊதா கலந்த நீலப் பூ, குளிர்காலத்திலும் உதிராத இலை. ரோமானிய எழுத்தாளர் பிளினி 1-ஆம் நூற்றாண்டிலேயே அதை 'வின்காபெர்வின்கா' என்று குறிப்பிட்டு, தலைமாலை கட்ட உதவும் என்கிறார். லத்தீனில் 'வின்கிரே' என்றால் கட்டுதல், பிணைத்தல். வளைத்துக் கட்டத் தோதான கொடி என்பதே பெயரின் வேர். 'பெர்வின்கா' பழைய ஆங்கிலத்துக்குள் நுழைந்து, வாயில் உருண்டு, 'பெரிவிங்கிள்' ஆனது.

இதே ஒலியில் ஆங்கிலத்தில் ஒரு கடல்நத்தையும் இருக்கிறது, அதுவும் பெரிவிங்கிள். பூ நத்தை போல் சுருண்டிருப்பதால் வந்த பெயர் என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள். நத்தையின் பெயர் 'பைன்வின்கிள்' என்ற வேறு பழஞ்சொல்லில் இருந்து வந்தது. இரண்டும் தனித்தனி ஊற்றுகளில் புறப்பட்டு ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன. சொற்பிறப்பில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. ஒலி ஒத்துப்போவதை வைத்துக் கதை கட்டினால் பத்தில் ஒன்பது தவறிப்போகும்; பழைய வடிவங்களை வரிசையாகக் காட்ட முடிந்தால்தான் அது சான்று.

18-ஆம் நூற்றாண்டில் மடகாஸ்கர் விதை ஐரோப்பியத் தோட்டங்களுக்குப் போனபோது பூவின் அமைப்பைப் பார்த்து அதையும் வின்காவில் சேர்த்தார்கள். 1759-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் வின்கா ரோசியா, ரோசா நிற வின்கா. 1830-களில் ஜார்ஜ் டான் என்ற தாவரவியலாளர் அதைப் பிரித்தெடுத்துக் கதராந்தஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார். கிரேக்கத்தில் 'கதரோஸ்' என்றால் தூய, 'ஆந்தோஸ்' என்றால் பூ. இந்தியாவில் லக்னோவின் சீமாப் என்ற மருந்துச்செடி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட வெள்ளைப்பூ ரகத்தின் பெயர் நிர்மல். அதற்கும் தூய என்றே பொருள். இடையில் லோக்னேரா ரோசியா என்றும் ஒரு பெயர் ஓடியது. பழைய மருந்துச்செடி நூல்களில் இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் நம் செடிதான்.

இந்தக் கதராந்தஸ் பேரினத்தில் நம் மண்ணுக்கே உரியதாக ஒன்று உண்டு: கதராந்தஸ் புசில்லஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் வயல் ஓரங்களில் களையாக வளரும் சின்னஞ்சிறு வெள்ளைப்பூச் செடி. மிளகாய்ப்பூண்டு என்ற பெயர் அதற்கு உண்டு. கண்டால் மிளகாய் நாற்று என்றே தோன்றும்.

தாவரவியலாளர்கள் பெயரை மாற்றி இரு நூற்றாண்டு ஆகப்போகிறது, விதைக் கடைகள் மாற்றவில்லை. இன்றும் 'வின்கா' என்று விற்கும் விதைப் பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது கதராந்தஸ். இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை, செடியைக் கொன்றுவிடும். உண்மையான வின்காவுக்கு நிழல், ஈரம், குளிர்ச்சி வேண்டும். இணையத்தில் வின்கா வளர்ப்பு என்று தேடி அந்தக் குறிப்பை நித்தியகல்யாணிக்குப் பின்பற்றினால் பத்து நாளில் தண்டு கறுத்து, இலை துவண்டு சாயும். ஈரம் தேங்கிய மண்ணில் ஃபைட்டாஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரியால் வரும் அழுகல் அது. எதிர்ப்பக்கம், வெளிநாட்டில் இருந்து உண்மையான வின்கா மைனர் வரவழைத்துச் சென்னை மொட்டைமாடி வெயிலில் வைத்தால் அது கருகும்.

ஆகவே பொட்டலம் வாங்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சாய்வெழுத்தில் இருக்கும் இரட்டைப் பெயரைப் படியுங்கள். ரோசியா அல்லது ரோசியஸ் என்று முடிந்தால் நித்தியகல்யாணி. மைனர், மேஜர் என்று முடிந்தால் ஐரோப்பிய வின்கா. அட்டையே இல்லையென்றால் செடியைப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் நம்முடையது, தரையில் ஓடிக் கணுவில் வேர்விட்டால் அவர்களுடையது. பூவின் நடுத்துளை ஊசிமுனையளவு என்றால் நம்முடையது, புனல்போல் அகன்றிருந்தால் அவர்களுடையது. இலைக்கக்கத்தில் பூ ஒன்றிரண்டாகக் குட்டைக் காம்பில் ஒட்டியிருந்தால் நம்முடையது, நீண்ட காம்பில் ஒற்றையாக நின்றால் அவர்களுடையது.

நித்தியகல்யாணி விதையை இருட்டில் முளைக்க விட வேண்டும். மேலே தூவிவிட்டுப் போனால் பாதிகூட வராது. 3 முதல் 5 மில்லிமீட்டர் மண்ணோ தென்னைநார்க் கழிவோ போட்டு மூடுங்கள். 25 டிகிரி அளவு வெப்பத்தில் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைக்கும். முளைத்தபின் முழு வெயில். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

ஐரோப்பிய வின்காவைப் பற்றி ஒரு கொசுறு. இத்தாலியில் அதற்கு 'ஃபியோரே தி மோர்ட்டோ' என்று பெயருண்டு, செத்தவர் பூ. இறந்த குழந்தைகளுக்கு அதில் மாலை கட்டும் வழக்கம் இருந்தது. 1306-இல் ஸ்காட்லாந்து வீரர் சைமன் ஃபிரேசரைத் தூக்கிலிட லண்டன் தெருக்களில் இழுத்துப் போனபோது தலையில் சூட்டியது பெரிவிங்கிள் மாலை. வேறு செடி, வேறு கண்டம், ஆனாலும் அதே மயானத் தொடர்பு. அங்கே காரணம் பனியிலும் உதிராத பச்சை இலை. இங்கே காரணம் ஆடு தின்னாத கசப்பு.

மருந்துச் சீட்டில் ஒளிந்திருக்கும் பெயர்கள்

அழிந்துபோன பெயர்கள் எதிர்பாராத இடத்தில் உயிரோடிருக்கும். நித்தியகல்யாணிக்கு அந்த இடம் புற்றுநோய் வார்டு.

1952-இல் ஜமைக்காவில் இருந்து கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஓர் உறையில் 25 இலைகள் வந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு அந்த இலையில் தேநீர் போட்டுக் குடிப்பார்கள். அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். எலிகளில் சோதித்தபோது, வாய்வழி கொடுத்த சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஊசி வழியாகக் கொடுத்தபோது வெள்ளணுக்கள் சரிந்து எலிகள் நோய்த்தொற்றில் இறந்தன. வெள்ளணு கட்டுமீறிப் பெருகுவதுதான் ரத்தப் புற்றுநோய் என்பதால், ராபர்ட் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1958-இல் அது அறிவிக்கப்பட்டது.

அப்போது அவர்கள் வைத்த பெயர் 'வின்காலூக்கோபிளாஸ்டின்'. வின்கா என்பது செடி, லூக்கோ என்றால் வெள்ளை, பிளாஸ்ட் என்றால் முளை, வளரும் அணு. நீளமாக இருந்ததால் நடுவைக் கிள்ளி வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். அதன் தங்கை வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதன்மை மருந்துகளில் ஒன்று. செடிக்குள் வின்பிளாஸ்டின் உருவாவது இரண்டு சிறு மூலக்கூறுகள் இணைந்து. ஒன்றின் பெயர் வின்டோலின், மற்றது கதராந்தின். பழைய பேரினப் பெயரும் புதிய பேரினப் பெயரும் ஒரே மூலக்கூறில் கைகோத்து நிற்கின்றன. லோக்னெரிசின் என்று ஓர் ஆல்கலாய்டு உண்டு, அது கைவிடப்பட்ட லோக்னேராவின் நினைவு. பெரிவின் என்று ஒன்று, அது பெரிவிங்கிள். வேரில் கிடைக்கும் அஜ்மலிசின் மட்டும் செடிப் பெயரில் சேராது. சர்ப்பகந்தியில் கிடைத்த அஜ்மலினுக்கு டெல்லி யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக வைத்த பெயரின் வழியில் வந்தது அது.

'வின்' என்று தொடங்கினாலே நித்தியகல்யாணி என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஞாபகசக்திக்கு என்று விற்கப்படும் வின்போசெட்டின், ஐரோப்பிய வின்கா மைனரின் வின்காமினில் இருந்து வந்தது. அங்கே வின்கா அசல்.

இந்த மருந்துகள் செடியில் இருப்பது மிக மிகக் குறைவு. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். இந்தத் தேவைக்காகத்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணியைப் பயிராகவே விதைத்தார்கள். சுடுகாட்டு மல்லி என்று பெயர் வாங்கிக் கொடுத்த அதே குணங்கள், மழை குறைந்தாலும் நிற்பது, ஆடு மேயாதது, அங்கே விவசாயிக்கு வேலி போடும் செலவை மிச்சப்படுத்தின.

குறைவுதானே என்று நாலு இலையை அரைத்துக் குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சர்க்கரைக்கு நல்லது என்ற பேச்சை நம்பி இலைச்சாறு குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். தொடர்ந்து குடித்தால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி வெள்ளணு குறையலாம். ஒவ்வொரு செடியிலும் ஆல்கலாய்டு அளவு வேறுபடும் என்பதால் வீட்டில் அளந்து குடிக்க வழியே இல்லை. பூப்பறித்த கையைக் கழுவிக்கொண்டால் போதும். தொடுவதற்கும், வாசலில் வைப்பதற்கும், சாமிக்குச் சாத்துவதற்கும் தடையில்லை.